மருத்துவரிடம் சொல்லாமல் விட்ட சொல்

திண்டிவனத்தில் ஓர் இரவு. 1890ஆம் ஆண்டை ஒட்டிய காலம். அங்கு மருத்துவப் பணி புரிந்த ஜான் ஸ்கடர் என்னும் அமெரிக்கரின் மகள் ஐடா, நோயுற்ற தாயைக் கவனித்துக்கொள்ள வந்து தங்கியிருந்தார். அன்றிரவு ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆடவர் அவர்கள் வீட்டுக்கு வந்தனர். மூவருடைய இளம் மனைவியரும் பேறுகால வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். ஐடா அப்போது மருத்துவம் கற்றவர் அல்லர். தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு வேண்டினார். அயல் ஆடவர் ஒருவர் தம் மனைவிக்கு மருத்துவம் பார்ப்பதை அம்மூவரும் ஏற்கவில்லை. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர்.

அந்த இரவே ஐடா ஸ்கடரை மருத்துவராக்கியது. அமெரிக்கா திரும்பிப் பயின்று 1899இல் பட்டம் பெற்ற அவர், 1900இல் வேலூரில் ஒரே படுக்கையுடன் பெண்களுக்கான மருத்துவப் பணியைத் தொடங்கினார். அதுவே இன்றைய கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக வளர்ந்தது. அதற்கு முன்பே சென்னையில் மேரி ஷார்லீப் இதே துயரைக் கண்டிருந்தார். ஆண் மருத்துவரை நாட இயலாமல் வீட்டுக்குள்ளேயே மாண்ட பெண்களுக்காக, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவியருள் அவரும் ஒருவரானார். 1885இல் அவர் முயற்சியால் தோன்றிய கோஷா மருத்துவமனையே இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக விளங்குகிறது.

இவ்வரலாற்றை நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. நமக்குக் கிடைக்கும் திண்டிவனத்துக் கதையில் கணவன்மார் பேசுகின்றனர். மருத்துவர் வீட்டார் பேசுகின்றனர். வேதனையில் கிடந்த மூன்று பெண்களும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவர்களுடைய விருப்பம் என்ன என்பதும் அக்கதையில் இல்லை. பெண் மருத்துவர்கள் வந்ததனால் ஒரு தடை நீங்கியது. நோயுற்ற பெண்ணின் சொல் மருத்துவரைச் சென்றடைகிறதா என்னும் கேள்வி இன்றும் எஞ்சி நிற்கிறது. இப்பாடத்தின் பொருள் அதுவே.

1. மருத்துவர் அறைக்குள் நிகழ்வது

ஆவடி பல ஊர்க்காரர் வாழும் ஊர். படைத்துறைத் தொழிற்சாலைகளிலும் முகாம்களிலும் பணிபுரிவோர் குடும்பங்கள் வடமாநிலங்களிலிருந்தும் ஆந்திரம், கேரளம் ஆகியவற்றிலிருந்தும் வந்து குடியேறியுள்ளன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்லும் பெண்களும் பலர்.

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். மகப்பேறு மற்றும் மகளிர் நல மருத்துவர் எதிரே ஒரு பெண் அமர்ந்திருக்கிறார். "என்ன தொந்தரவு அம்மா?" என்று மருத்துவர் கேட்கிறார். விடை மாமியாரிடமிருந்து வருகிறது. அல்லது, தமிழ் அறியாத மனைவிக்காகக் கணவர் மொழிபெயர்க்கிறார். "வயிற்று வலி, ஒரு வாரமாக" என்று முடித்துவிடுகிறார். உறவுக்குப் பின் இரத்தம் கசிவதும், சிறுநீரை அடக்க முடியாமல் போவதும், அரிப்பும் வெள்ளைப்படுதலும் சொல்லப்படுவதே இல்லை. வயிற்று வலிக்கு மாத்திரை எழுதப்படுகிறது. நோய் உள்ளேயே இருந்துவிடுகிறது.

இதில் எவரும் தீயவர் அல்லர். மாமியாருக்கு அக்கறை, கணவருக்குக் கூச்சம், பெண்ணுக்கு நாணம். ஆயினும் மருத்துவர் அறிய வேண்டியது அவருக்குக் கிட்டவில்லை.

2. சொல்ல வேண்டியவை

மருத்துவமனைக்கு வருமுன் ஒரு தாளில் சிலவற்றைக் குறித்துக்கொள்வது நலம். கூச்சத்தால் வாய் திறக்க இயலாதவர் அத்தாளை மருத்துவரிடம் நீட்டினாலே போதும்.

கடைசி மாதவிடாய் தொடங்கிய நாள். எத்தனை நாள் இடைவெளியில் வருகிறது, எத்தனை நாள் நீடிக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை அணையாடை மாற்ற நேர்கிறது, கட்டிகள் விழுகின்றனவா என்பவற்றை எழுதுங்கள். "நிறையப் போகிறது" என்பதைவிட "ஒரு மணி நேரத்துக்கு ஒன்று மாற்றுகிறேன்" என்பது மருத்துவருக்குத் தெளிவாக உணர்த்தும். ஏழு நாளுக்கு மேல் நீடிக்கும் போக்கு இயல்பானது அன்று. அதனால் இரத்தசோகை வரும். படி ஏறும்போது மூச்சு வாங்குவது அதன் அறிகுறியாக இருக்கலாம்.

கருவுற்ற முறைகள், கருச்சிதைவு, கருக்கலைப்பு, அறுவைச் சிகிச்சை ஆகிய எதையும் மறைக்க வேண்டா. மருந்துக் கடையில் தாமே வாங்கி உண்ட மாத்திரைகளையும் சொல்லுங்கள். வேலை நாளில் வலியை அடக்கவும், விழா நாளில் மாதவிடாயைத் தள்ளிப்போடவும் பலர் மாத்திரை உண்பதுண்டு. அதைச் சொன்னால் மருத்துவர் கடிந்துகொள்வாரோ என அஞ்ச வேண்டா. சொல்லாமல் விட்டால்தான் சிகிச்சை தடம் மாறும்.

3. பரிசோதனையும் உரிமையும்

உள் பரிசோதனை என்றதுமே அஞ்சி, அடுத்த முறை வராமலே நின்றுவிடுவோர் உளர். அது எதற்காக, எவ்வாறு செய்யப்படும் என்று முன்னரே கேட்டறிவது நோயாளியின் உரிமை. அவர் இசைவின்றி அது செய்யப்படலாகாது. இடையில் வலித்தால் "நிறுத்துங்கள்" என்று சொல்லலாம். ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது பெண் செவிலியரோ பெண் உதவியாளரோ உடனிருக்க வேண்டும். மணமாகாத இளம்பெண்களுக்குப் பெரும்பாலும் வயிற்றின் மேல் செய்யும் ஸ்கேன் போதுமானதாக இருக்கும். அதற்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருத்தல் வேண்டும்.

4. உடன் வருவோர் கடமை

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கும்போது, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து துணைசெய்பவரையும் ஒரு கூறாக எண்ணுகிறது. அத்துணை உயர்ந்த இடம் உங்களுடையது. ஆகவே நோயாளியிடம் கேட்கப்படும் கேள்விக்கு அவரையே விடை சொல்ல விடுங்கள். மறந்ததை எடுத்துக் கொடுங்கள். பழைய சீட்டுகளையும் ஆய்வு முடிவுகளையும் தேதி வாரியாக அடுக்கி வாருங்கள். பின்னர்ச் சில நிமிடம் வெளியே அமர்ந்து, அவர் மருத்துவரிடம் தனியே பேச இடம் கொடுங்கள்.

அந்தத் தனிமை சிலருக்கு உயிர் காப்பதாக அமையும். வீட்டில் அடி வாங்கும் பெண், அடித்தவர் எதிரே அதைச் சொல்ல இயலாது. அத்தகையோர் மருத்துவரிடம் சொல்லலாம். 181 என்னும் மகளிர் உதவி எண்ணையும் அழைக்கலாம். மொழி தெரியாதவர், தம் மொழி அறிந்த செவிலியர் ஒருவரை உதவிக்குக் கேட்கலாம்.

5. காலம் தாழ்த்தக் கூடாதவை

மாதவிடாய் முற்றிலும் நின்று ஓராண்டு கடந்த பின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் மருத்துவரைப் பார்த்தல் வேண்டும். "வயதான காலத்தில் இதை யாரிடம் சொல்வது" என்று நம் அன்னையர் மறைப்பது இதைத்தான். பெரும்பாலோருக்கு அது புற்றுநோயாக இராது. புற்றுநோயாக இருப்பினும், கருப்பையின் உட்சுவரில் தோன்றும் வகை தொடக்கத்திலேயே இரத்தப்போக்கால் தன்னைக் காட்டிக்கொள்கிறது. அப்போதே வந்தவருக்குக் குணமாகும் வாய்ப்பு மிகுதி. மறைத்த மாதங்களே அந்த வாய்ப்பைக் குறைக்கின்றன.

கருப்பை வாய்ப் புற்றுநோயோ உருவாவதற்குப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. எந்தத் தொந்தரவும் இல்லாத நாளிலேயே செய்யும் எளிய சோதனை, புற்றாக மாறுமுன் அதைக் காட்டிக்கொடுக்கும். 30 வயது கடந்த பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இச்சோதனை செய்யப்படுகிறது. தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அத்தகைய இடம் இருந்தும் காலம் தாழ்த்தி வருவோருக்கு அதன் பயன் முழுமையாகக் கிட்டுவதில்லை.

கருவுற்ற பெண்ணுக்கு இரத்தப்போக்கு, பனிக்குட நீர்க் கசிவு, கடுந்தலைவலியோடு பார்வை மங்கல், வலிப்பு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் எது நேரினும் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வண்டி இல்லையெனில் 108ஐ அழையுங்கள்.

வீட்டில் கலந்து பேச

அ. நம் வீட்டுப் பெண்களுள் எவரேனும் ஒரு தொந்தரவை மாதக்கணக்கில் சொல்லாமல் இருக்கிறாரா? சொல்லத் தடையாக இருப்பது எது?

ஆ. சென்ற முறை மருத்துவர் கேட்ட கேள்விகளுக்கு நோயாளி விடை சொன்னாரா, நாம் சொன்னோமா?

இ. நம் வீட்டில் 30 வயது கடந்த பெண்கள் கருப்பை வாய்ச் சோதனை செய்துகொண்டார்களா? தாயையும் மாமியாரையும் சேர்த்து எண்ணுக.

திண்டிவனத்து மூன்று பெண்களுக்கும் மருத்துவர் அருகிலேயே இருந்தார். அவரைச் சென்றடையும் வழிதான் அடைபட்டிருந்தது. இன்று நமக்கு அவ்வழி திறந்திருக்கிறது. அதைச் சொல்லாமையால் நாமே அடைத்துக்கொள்ள வேண்டா. அடுத்த முறை "என்ன தொந்தரவு அம்மா?" என்று மருத்துவர் கேட்கும்போது, அந்த அம்மாவே விடை சொல்லட்டும்.