முன்னுரிமை வகுப்பவர் யார்?

கணிப்பொறியில் ஒரே வேளையில் பல நிரல்கள் இயங்குகின்றன. ஒன்று இசையை ஒலிக்கும். மற்றொன்று எழுத்துகளைத் திரையில் காட்டும். வேறொன்று நெடுங்கணக்கொன்றைப் போட்டுக்கொண்டிருக்கும். ஆயினும், தனியொரு மையச் செயலகம் ஒரு கணத்தில் ஒரு பணியையே மேற்கொள்ள வல்லது. ஆதலின், அதன் நேரத்தைச் சிறு சிறு கூறுகளாகப் பகுத்து நிரல்களுக்கு முறைவைத்து அளித்தல் வேண்டும். ஏரி நீரை வயல்தோறும் முறைவைத்துப் பாய்ச்சுவதை இஃது ஒத்தது.

இம்முறையை நடத்துவது இயங்குதளத்தின் உள்ளகமாகிய கருநிரல் ஆகும். கருநிரலுக்கு வெளியே பயனரின் நிரல்கள் இயங்கும் பகுதி பயனர்வெளி எனப்படும். முறையை நடத்துவது கருநிரலே என்பதில் ஐயமில்லை. ஆனால், எந்நிரல் முந்துதல் வேண்டும், எந்நிரல் பொறுத்தல் வேண்டும் என்று வகுக்க வேண்டியது கருநிரலா, பயனர்வெளியா என்பதே வினா.

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் இதற்கெனப் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. அதன் பெயர் 'நைஸ்' என்பது. பிறர்க்கு இடங்கொடுக்கும் நற்பண்பை அச்சொல் குறிக்கின்றது. லினக்ஸில் இவ்வெண் -20 முதல் 19 வரை அமையும். எண் உயர உயர அந்நிரல் ஏனையவற்றிற்கு மிகுதியாக வழிவிடும். பொதுவாக, எளிய பயனர் தம் நிரலின் எண்ணை உயர்த்தலாம். குறைத்தற்கு உரிமை பெற்றவர் மேலாளரே. விட்டுக்கொடுத்தற்கு எவருடைய இசைவும் வேண்டுவதில்லை; முந்திச் செல்வதற்கே இசைவு வேண்டும். அவ்வரம்பு இல்லையேல், ஒவ்வொருவரும் தம் பணியே தலையாயது என்பர். முன்னுரிமை என்னும் சொல்லே பொருளற்றுப் போகும்.

2010ஆம் ஆண்டில் லினக்ஸ் அறிஞரிடையே இவ்வினா பெரியதொரு சொல்லாடலாக எழுந்தது. ஒருவர் அறுபத்து நான்கு கிளைப்பணிகளாகப் பிரிந்து இயங்கும் பெருவேலை ஒன்றைத் தொடங்கிவிட்டு, அதனுடன் ஒரு படத்தையும் காண்கின்றார் எனக் கொள்வோம். பணிகள் அனைத்திற்கும் சமபங்கு அளித்தால், படங்காட்டும் நிரலுக்கு அறுபத்தைந்தில் ஒரு பங்கே கிட்டும். படம் தடைப்பட்டு நிற்கும். மைக் கால்பிரெய்த் என்பார் இதற்கொரு தீர்வு கண்டார். முதலில் முனையந்தோறும், பின்னர் அமர்வுதோறும், நிரல்களைக் கருநிரலே தானாகக் குழுவாக்கும் சிறு திருத்தம் அது. இதனால் அறுபத்து நான்கு பணிகளும் ஒரு குழுவாகும். படங்காட்டும் நிரல் வேறு அமர்வில் இருப்பின், அதற்குப் பாதிப் பங்கு வரையிலும் கிட்டும்.

லெனார்ட் பொட்டரிங் என்பார் இதனை மறுத்தார். குழுவாக்கும் வசதி கருநிரலில் முன்னரே உள்ளது. பயனர்வெளியில் சில வரிகள் எழுதினாலே அதனைப் பயன்படுத்தலாம். எந்நிரல் எதற்குரியது என்பதை அறிவதும் பயனர்வெளியே என்பது அவர் கருத்து. லினக்ஸைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸோ, பயனர் எதனையும் அமைக்காமலே நன்மை விளைதல் வேண்டும் என்றார். 2011 மார்ச்சில் வெளிவந்த 2.6.38ஆம் பதிப்பில் அத்திருத்தம் இடம்பெற்றது.

எனினும், அந்நன்மைக்கு ஒரு விலையும் இருந்தது. தானியங்கிக் குழுமுறை நடைபெறும்பொழுது, நைஸ் எண் தன் குழுவிற்குள் மட்டுமே செல்லும். ஒருவர் ஓர் அமர்வில் தம் நிரலுக்கு 19 என எண்ணிட்டு வழிவிடச் செய்தாலும், வேறு அமர்வில் இயங்கும் நிரலுக்கு அதனால் பயன் இராது. பயனர் ஆராய்ந்து விதித்ததைக் கருநிரலின் பொதுவிதி அவர் அறியாமலே பயனிழக்கச் செய்துவிடுகின்றது.

பொட்டரிங் காட்டிய வழியும் மறையவில்லை. அவர் உடனிருந்து உருவாக்கிய சிஸ்டம்டி, பயனர்வெளியில் இருந்தவாறே சேவைகளைத் தனித்தனிக் குழுக்களாக வைக்கின்றது. 2024இல் வந்த 6.12ஆம் பதிப்போ, முறைவகுக்கும் விதியையே பயனர் எழுதிக் கருநிரலில் ஏற்றுதற்கு இடந்தந்தது. அவ்விதி பிழைபட்டுப் பணிகள் தேங்கினால், கருநிரல் அதனை நீக்கிவிட்டுப் பழைய விதிக்கே மீளும்.

நிரலின் நோக்கத்தை அறிந்தது பயனர்வெளி. அனைவர்க்கும் பொதுவாய் நிற்பது கருநிரல். அறிந்தவர் கூற, பொதுவானவர் வரம்பு காப்பதே முறையாகும்.