கூடை தேடும் அப்பாயி

நோயாளருக்கு நற்கருணை கொண்டுசென்ற ஒரு முதல் வெள்ளியன்று, பசறைப் பக்கத்துத் தோட்ட லயமொன்றில் நாம் கண்டது இது. 75 வயதைத் தாண்டிய அப்பாயி ஒருவர் விடியற்காலை 4 மணிக்கே எழுந்து, "பெரட்டுக்கு நேரமாச்சு, என் கூடை எங்கே?" என்று காம்பரா முழுதும் தேடுகிறார். அவர் வேலையை விட்டு 20 ஆண்டுகளாகின்றன. கூடையை மருமகள் ஒளித்துவிட்டாள் என்ற பழி வேறு. பகலெல்லாம் மலையில் கொழுந்தெடுத்து வந்த மருமகளுக்கு இரவும் உறக்கமில்லை. "பேய் புடிச்சிருக்குன்னு சிலர் சொல்றாங்க, வேணும்னே செய்யுதுன்னு சிலர் சொல்றாங்க. எதை நம்புறது சாமி?" என்று கேட்டாள்.

இரண்டையும் நம்பவேண்டாம். யாழ்ப்பாணத்தார் "அறளை பெயர்ந்துவிட்டது" என்பார்கள். நாம் "புத்தி மாறிப்போச்சு" என்கிறோம். முதுமையென்றால் இப்படித்தான் என்று விட்டுவிடுவதற்கே இந்தச் சொற்கள் உதவுகின்றன. உண்மையில் இது மூளையைப் பற்றும் நோய். 1901இல் ஜேர்மனியின் பிராங்க்பர்ட் நகர மனநோய் வைத்தியசாலைக்கு 51 வயதுப் பெண்ணொருத்தி கொண்டுவரப்பட்டாள். கணவன்மேல் வீண் சந்தேகம், பொருள்களை ஒளித்துவைப்பாள், தன் பெயரை எழுதத் தொடங்கிப் பாதியில் மறந்துவிடுவாள். 1906இல் அவள் இறந்தபின் வைத்தியர் அலோயிஸ் அல்ஸைமர் அவளது மூளையை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தபோது, மூளை சுருங்கியிருந்ததையும், உயிரணுக்களுக்கு வெளியே படிவுகளும் உள்ளே நார்ச்சிக்கல்களும் இருந்ததையும் கண்டார். மறதி நோய்களுள் மிகுதியாகக் காணப்படும் ஒன்றுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

புதிய நினைவுகளைப் பதிக்கும் பகுதியையே இந்நோய் பெரும்பாலும் முதலில் தாக்குகிறது. ஆகவேதான் சற்றுமுன் குடித்த தேத்தண்ணியை மறந்தவர், இளவயதுக் கங்காணியின் பெயரை மறப்பதில்லை. 1964 ஒப்பந்தத்தின் பின் இந்தியாவுக்குப் போன அக்காள் இன்று வருவாளென்று வாசலைப் பார்த்திருப்போரும் உண்டு. "அவங்க செத்து 10 வருசமாச்சு" என்று திருத்துகிறோம். அவருக்கோ அது ஒவ்வொரு நாளும் புதிய இழவுச் செய்தி. அப்படியானால் பொய் சொல்லலாமா என்று கேட்பீர்கள். பொய்யும் வேண்டாம், திருத்தமும் வேண்டாம். "அக்கா எப்படி இருப்பாங்க?" என்று கேளுங்கள், அவரே பேசி ஆறுவார். சீராக்கின் ஞான நூல், மூன்றாம் அதிகாரத்தில், அறிவு குன்றிய தந்தையிடம் பிள்ளை நடந்துகொள்ளவேண்டிய முறையைச் சொல்கிறது. ஒருமுறை வீட்டில் எடுத்து வாசித்துப் பாருங்கள்.

ஆனால் மறதியெல்லாம் இந்நோயல்ல. தைராய்டுக் குறைபாடு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் இப்படித் தோற்றங்காட்டும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. பிரஷரும் சீனிவருத்தமும் மூளையின் இரத்தக் குழாய்களைக் கெடுத்தும் மறதி வரும். இரண்டொரு நாளில் திடீரெனத் தடுமாறினால் சிறுநீர்த் தொற்றோ நெஞ்சுச் சளியோ இருக்கலாம். வழுக்கி விழுந்து சில வாரங்களில் மந்தமானால் தலைக்குள் இரத்தம் கட்டியிருக்கலாம். இவ்விரண்டிலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

அங்கே தேதி கேட்பார்கள், படம் வரையச் சொல்வார்கள். பள்ளிக்கூடமே போகாத நம் முதியவர்கள் நல்ல புத்தியோடு இருந்தாலும் இதில் தடுமாறுவார்கள். ஆகையால் முன்பு அவரால் முடிந்தது எது, இன்று முடியாதது எது என்பதை வீட்டார் சொல்வதே வைத்தியருக்குப் பெருந்துணை. சம்பளக் கணக்கை விரல்விட்டுச் சொன்னவர் இன்று சில்லறை எண்ணத் தடுமாறுகிறார் என்றால் அதைச் சொல்லுங்கள். சிங்களம் நன்றாகத் தெரிந்த பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். நோயை முற்றாக மாற்றும் மருந்து இல்லை. சிலருக்குச் சிறிது காலம் உதவும் மாத்திரைகள் உண்டு. கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது, தள்ளாடி விழுவார்கள்.

லயத்தில் விறகடுப்பு, மண்ணெண்ணெய், வாசலருகே கான், கீழே செங்குத்தான படிக்கட்டு. தீப்பெட்டியை எட்டாமல் வையுங்கள். பெயர், தோட்டம், டிவிசன், தொலைபேசி இலக்கம் எழுதிய துணியைச் சட்டையில் தைத்துவிடுங்கள். அடையாள அட்டையும் சேமலாப நிதிக் கடதாசிகளும் நம்பிக்கையானவர் கையில் இருக்கட்டும். கைநாட்டு வாங்க வருவோர் உறவினரிலும் உண்டு.

இனி, கொழும்பில் கடைவேலை செய்யும் மகன்மாருக்கு ஒரு வார்த்தை. மாதம் பணம் அனுப்பியதோடு கடமை முடிந்ததென்று எண்ணாதீர்கள். லீவுக்கு வந்தால் இரண்டு இரவு நீங்கள் விழித்திருங்கள், அவள் தூங்கட்டும். கொழும்பில் 2001 முதல் லங்கா அல்ஸைமர் பவுண்டேஷன் என்ற அமைப்பு இத்தகைய குடும்பங்களுக்கு உதவி வருகிறது. பதுளைக்கு அது வெகுதூரம். அங்கே இருக்கும் நீங்கள் போய் விசாரிக்கலாமே. பக்கத்துக் காம்பராக்காரர் ஞாயிறு காலை இரண்டு மணிநேரம் அப்பாயியோடு இருந்தால், அந்த மருமகள் பூசைக்காவது வரமுடியும்.

அடுத்த முதல் வெள்ளியன்று அந்த வீட்டுக்குப் போனோம். மருமகள் எங்கிருந்தோ பழைய கூடையொன்றைத் தேடிக் கொடுத்திருந்தாள். அப்பாயி இஸ்தோப்பில் அமர்ந்து கீரை ஆய்ந்து அதில் போட்டுக்கொண்டிருந்தார். செபமாலையைத் தொடங்கினோம், ஒரு சொல் பிசகாமல் கூடச் சொன்னார். முடிந்ததும் நம்மைக் கணக்கப்பிள்ளை என்றெண்ணி, "நெறுத்துப் பாருங்கய்யா" என்று கூடையை நீட்டினார்.

"நெறைய இருக்கு அப்பாயி" என்றோம்.