வயற்கருவிப் பெட்டிகளுக்கு ஏற்ற திருகாணிகள்

மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவிகளும், பம்பு செட்டைக் கைப்பேசியால் இயக்கும் கருவிகளும் இப்பொழுது பல வயல்களில் வைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் சிறியவை உள்ளங்கையளவும் ஒரு விரல் கனமுமுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளில் அடங்கியிருக்கும். மழைஜலம் புகுந்து இவை கெடுமாயின், விலை நஷ்டமாவதோடு, பயிருக்கு நீர் பாய்ச்சும் தருணமும் தவறிவிடும். ஆதலால் மூடியைப் பிணைக்கும் திருகாணிகளைப் பற்றிக் குடியானவர்களும், பொதுவில் இக்கருவிகளை வாங்கும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியம்.

ஜலம் புகும் விதம்

ஜலத்தைத் தடுப்பது மூடிக்கும் பெட்டிக்கும் நடுவேயுள்ள ரப்பர் வளையம். அவ்வளையத்தை எங்கும் ஒரே சீராக அமுக்கி வைப்பதே திருகாணியின் வேலை. வெயிலில் 60 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறும் பெட்டியினின்று காற்று சிறிது வெளியேறும். பிறகு மழையால் அது 25 டிகிரிக்குக் குளிர்ந்தால், உள்ளே காற்றின் அழுத்தம் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு குறையும். இது சுமார் ஒரு மீட்டர் உயரம் நீரை இழுக்கவல்லது. மயிரிழை இடைவெளி இருப்பினும் மூடிமேல் நிற்கும் ஜலம் உள்ளே உறிஞ்சப்படும்.

எண்ணிக்கையும் இடமும்

மெல்லிய மூடி இரண்டு திருகாணிகளுக்கு நடுவே மேலெழும்பும் தன்மையுடையது. தகட்டின் கனம் பாதியானால் அதன் விறைப்பு எட்டிலொரு பங்காகிவிடும். ஆகவே, மூலைகளில் 4 பெரிய திருகாணிகளை உடைய மூடியினும், 3 மில்லிமீட்டர் விட்டமுள்ளவை 6 அல்லது 8 நெருக்கமாக அமைந்த மூடியே மேலானது. துளைகள் ரப்பர் வளையத்துக்கு வெளிப்புறத்தில் இருக்கவேண்டும். உட்புறமிருந்தால் ஒவ்வொரு துளையும் மடை திறந்தது போலாகும்.

மரையும் தலையும்

பிளாஸ்டிக்கில் தானே மரை வெட்டிச் செல்லும் திருகாணி, பலமுறை கழற்றி மாட்டினால் பிடிப்பை இழக்கும். மின்கலம் மாற்ற அடிக்கடி திறக்கும் பெட்டிக்கு, உள்மரையுள்ள பித்தளைக் குழல் பதித்ததே தக்கது. கூம்பு வடிவத் தலை மெல்லிய மூடியை ஆப்புப்போல் பிளக்கும். அடிப்பக்கம் தட்டையான தலையும் அதற்கடியில் வாஷரும் உபயோகிக்க வேண்டும்.

உலோகம்

நாகமுலாம் பூசிய இரும்பு நாளடைவில் துருப்பிடிக்கும். உள்நாட்டில் 304 தர எவர்சில்வர் திருகாணி போதுமானது. உப்புக்காற்று வீசும் கடலோரக் கிராமங்களுக்கு 316 தரம் ஏற்றது.

முடுக்கும் முறை

1. ரப்பர் வளையத்தையும் அது அமரும் பள்ளத்தையும் மண்ணின்றித் துடைக்கவும்.
2. எதிரெதிர்த் திருகாணிகளைச் சிறிது சிறிதாக, கைத் திருப்புளியால் முடுக்கவும். இயந்திரத் திருப்புளி மரையை அழித்துவிடும்.
3. மரையை இறுக்கும் பசையைத் தடவலாகாது. சிலவகைப் பிளாஸ்டிக்குகள் அதனால் வெடிக்கும்.

சோதனை

ஐ.பி.67 என்ற குறியுள்ள பெட்டி, ஒரு மீட்டர் ஆழ ஜலத்தில் 30 நிமிஷம் தாங்கவேண்டும். திருகாணியோ வளையமோ மாற்றியபின் இக்குறியை மட்டும் நம்பலாகாது. மின்தொடர்பை நீக்கி, கருவியை வெளியிலெடுத்து, கம்பி நுழையும் துளையை அடைத்து, உலர்ந்த காகிதமொன்றை உள்ளிட்டு மூடி, அரைமணி நேரம் ஜலத்தில் அமிழ்த்தி வைக்கவும். காகிதம் நனையாதிருப்பின் பெட்டி வயலுக்குத் தகுதியுடையது. பருவமழைக்கு முன்னரே இதனைச் செய்து முடிப்பது நலம்.