குடும்பத்திற்கு ஏற்ற பல் மருத்துவர்

பல்வலி வந்த பிறகே பலர் பல் மருத்துவரைத் தேடுகின்றனர். வலியால் துடிப்பவருக்கு ஆராய்ந்து முடிவெடுக்கப் பொறுமை இருக்காது. எந்த மருந்தகம் திறந்திருக்கிறதோ அங்கே ஓடுவார். எனவே, வீட்டில் யாருக்கும் வலி இல்லாத காலத்திலேயே குடும்பத்திற்கு ஏற்ற பல் மருத்துவரைத் தேர்ந்தெடுத்து வைப்பது நல்லது. அப்படித் தேர்ந்தெடுக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

முதலாவது, தகுதி. மலேசியாவில் பல் மருத்துவம் செய்பவர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். தொழில் நடத்துவதற்கான சான்றிதழும் அவரிடம் இருக்க வேண்டும். ஒருவர் பதிவு பெற்றவரா என்பதை அவருடைய பெயரைக் கொண்டு மன்றத்தின் அகப்பக்கத்தில் எவரும் சரிபார்க்கலாம். தனியார் மருந்தகமும் சுகாதார அமைச்சில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவின்றி மருந்தகம் நடத்தும் தனிநபருக்கு, 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டத்தின்கீழ் 300,000 ரிங்கிட் வரை அபராதமோ, 6 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

சட்டம் இவ்வளவு கடுமையாக இருந்தும் போலிப் பல் மருத்துவர்கள் அவ்வப்போது பிடிபடுகின்றனர். அவர்களிடம் பதின்ம வயதினரும் ஏமாறுகின்றனர். மலிவு விலையில் பற்கம்பி பொருத்தித் தருவதாகச் சமூக ஊடகங்களில் விளம்பரம் வரும். தங்கும் விடுதி அறையிலோ வீட்டிலோ சிறிது நேரத்தில் கம்பியை ஒட்டி அனுப்பிவிடுவார்கள்.

முறையான சிகிச்சை அப்படி நடப்பதில்லை. பற்கம்பி பொருத்துவதற்கு முன் ஊடுகதிர்ப் படமும் பற்களின் அச்சும் எடுக்கப்படும். சொத்தையோ ஈறு நோயோ இருந்தால் அது முதலில் குணப்படுத்தப்படும். கம்பி பல்லை அழுத்தும்போது, பல் நகரும் பக்கத்தில் தாடை எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. மறுபக்கத்தில் புதிய எலும்பு வளர்கிறது. இம்மாற்றம் மெதுவாகவே நிகழும். அதனால்தான் சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு என நீள்கிறது. அழுத்தத்தின் அளவை அறியாதவர் கம்பியை இறுக்கினால் பல்லின் வேர் தேயலாம். பல் ஆட்டம் காணலாம். பால்பல் விழுந்தால் வேறு பல் முளைக்கும். நிரந்தரப் பல் போனால் போனதுதான். சில நூறு ரிங்கிட்டை மிச்சப்படுத்த நினைத்தவர், பின்னர் செயற்கைப் பல்லுக்குப் பல ஆயிரம் ரிங்கிட் செலவிட நேரலாம்.

இரண்டாவது, தூய்மை. ஒருவருக்குப் பயன்படுத்திய கருவி, அழுத்தம் மிகுந்த நீராவியில் கிருமி நீக்கப்பட்ட பிறகே அடுத்தவருக்குப் பயன்பட வேண்டும். இல்லையெனில் மஞ்சள் காமாலை போன்ற நோய்களை உண்டாக்கும் கிருமிகள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவலாம். மூடிய உறையிலிருந்து கருவிகள் எடுக்கப்படுகின்றனவா, மருத்துவர் புதிய கையுறை அணிகிறாரா என்பவற்றை நாற்காலியில் அமர்ந்தபடியே கவனிக்கலாம்.

மூன்றாவது, குடும்பத்தினர் அனைவரையும் புரிந்து நடக்கும் பண்பு. ஏறக்குறைய ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல் நிரந்தரப் பல்லாகும். அதைப் பால்பல் என எண்ணிப் பெற்றோர் கவனிக்காமல் விடுவதுண்டு. அதை எடுத்துச் சொல்லவும் குழந்தையின் அச்சத்தைப் போக்கவும் மருத்துவருக்குப் பொறுமை வேண்டும். தாத்தா பாட்டியின் நிலை வேறு. நீரிழிவு கட்டுக்குள் இல்லாதபோது ஈறு நோய் முற்றுகிறது; ஈறு நோய் முற்றினால் இரத்தத்தில் சர்க்கரை அளவைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவருக்குப் பல்லைப் பிடுங்கும்போது இரத்தம் நிற்கத் தாமதமாகலாம். நல்ல மருத்துவர் இவற்றையெல்லாம் கேட்டறிந்த பிறகே சிகிச்சையைத் தொடங்குவார்.

நான்காவது, விளக்கமும் கட்டணமும். ஊடுகதிர்ப் படத்தைக் காட்டி, எந்தப் பல்லில் என்ன குறை, அதைச் சரிசெய்ய எத்தனை வழிகள் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செலவாகும் என மருத்துவர் விளக்க வேண்டும். “இந்தப் பல்லைக் கட்டாயம் பிடுங்க வேண்டுமா? அடைத்துக் காப்பாற்ற முடியாதா?” என்று கேட்பது நோயாளியின் உரிமை. பதில் மனநிறைவு தராவிட்டால் வேறொரு மருத்துவரின் கருத்தையும் கேட்கலாம். வசதி குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கப் பல் மருந்தகங்கள் கைகொடுக்கின்றன. அங்குக் கட்டணம் மிகக் குறைவு; ஆனால், சில சிகிச்சைகளுக்கு நெடுநாள் காத்திருக்க நேரும். பள்ளிகளுக்கு வரும் பல் மருத்துவக் குழுவின் பரிசோதனையையும் மாணவர்கள் தட்டிக்கழிக்கக் கூடாது.

வீட்டிலுள்ள பெரியவர்கள் சிலருக்கு இணையத்தில் தேடிப் பார்க்கும் பழக்கம் இருக்காது. மருத்துவரின் பெயர் பதிவேட்டில் உள்ளதா என்று பார்க்கச் சில நிமிடங்களே போதும். குடும்பத்தினருக்காக அந்த வேலையை இளையோர் ஏற்றுக்கொள்ளலாம். மலிவான பற்கம்பிக்கு நண்பர் அழைக்கும்போதும், “அவர் பதிவு பெற்றவரா?” என்ற கேள்வியை முதலில் கேட்கப் பழகிக்கொள்ள வேண்டும்.