“படிப்பு ஏறேல்லை”: தீவகத்தில் ஒரு தவறான தீர்ப்பு

விஜயதசமியன்று யாழ்ப்பாணத்தின் தீவகத்துக் கோயில்களில் ஏடு தொடக்கும்போது, ஐயர் பிள்ளையின் விரலைப் பிடித்துப் பச்சையரிசியில் ‘அ’ எழுதுவிப்பார். பிள்ளை எழுத்தைப் பார்க்கும், வாய்விட்டுச் சொல்லும், தன் குரலைத் தானே கேட்கும், விரல் நுனியில் அரிசியின் சொரசொரப்பை உணரும். சில வருடம் கழித்து அதே பிள்ளை வகுப்பில் ஒரு வரியை வாசிக்க முடியாமல் தடக்குப்பட்டு நிற்கிறது. “இவனுக்குப் படிப்பு ஏறேல்லை” என்று வீட்டார் முடிவு கட்டுகிறார்கள். முதலில் சோம்பல் என்பார்கள். பிறகு சாதகத்தை எடுத்துக்கொண்டு சாத்திரியாரிடம் போவார்கள்.

இப்படித் தடுமாறும் பிள்ளைகளில் பலருக்கு இருப்பது டிஸ்லெக்சியா. ஒரு சொல்லின் ஒலிகளைப் பிரித்தறிந்து எழுத்தோடு பொருத்தும் வேலை அவர்களுடைய மூளைக்குக் கடினமாக இருக்கிறது. குடும்ப வழியாகவும் இது வருவதுண்டு. கண்ணூறுக்கும் ஏழரைச் சனிக்கும் இதில் பங்கில்லை.

வாசிக்கத் தெரியாதவன் மொக்கன் என்ற நம்பிக்கைக்கு மறுப்பு 1896-லேயே அச்சாகிவிட்டது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதி வைத்தியர் பிரிங்கிள் மோர்கன், பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். தன் பெயரையே எழுத்து மாற்றி ‘பிரெசி’ என்று எழுதிய பையன் அவன். அதே பையன் 749-ஐ 867-ஆல் விரைவாகவும் சரியாகவும் பெருக்கிக் காட்டினான். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பாடசாலையிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மோர்கன் பதிவு செய்திருக்கிறார். கடல் நிறத்தைப் பார்த்துக் காற்றின் போக்கைச் சொல்லும் பிள்ளை, கடைக் கணக்கை மனதால் கூட்டும் பிள்ளை, சொல்வதெழுதுதலில் பத்துக்கு இரண்டு எடுப்பதைத் தீவுப் பாடசாலை ஆசிரியர்களும் காணலாம்.

படித்தவர்களிடமும் இன்னொரு நம்பிக்கை உறுதியாக இருக்கிறது: டிஸ்லெக்சியா ஆங்கிலத்துக்குரிய சங்கதி, தமிழில் எழுதியபடியே வாசிக்கலாம், ஆகவே நம் பிள்ளைகளுக்கு அது வராது. தமிழின் எழுத்துமுறை ஆங்கிலத்தைவிட ஒழுங்கானது என்பது உண்மைதான். ஆனால் ஒரு தீவுப் பிள்ளையின் இடத்தில் இருந்து அதைப் பார்க்க வேண்டும். ‘கடல்’, ‘பகல்’, ‘சங்கு’ மூன்றிலும் ஒரே ககரம்தான். ஒலி மூன்று விதம். ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னே நிற்கிறது, அதன் ஒலியோ ககரத்துக்குப் பின்னே வருகிறது. ‘கொ’வில் குறி இரண்டு பக்கமும் நின்று எழுத்தை நடுவில் சிறைப்பிடிக்கிறது. ‘கௌ’வின் கடைசிக் குறி ‘ள’வைப் போலவே இருப்பதால் ‘கெள’ என்று வாசித்தால் பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது. மொத்தம் 247 எழுத்துக்கள். அதற்கும் மேலே, வீட்டில் கதைக்கும் தமிழ் ஒன்று, புத்தகத்தில் இருக்கும் தமிழ் வேறொன்று.

இத்தாலி மொழியும் எழுத்தும் ஒலியும் நெருங்கி நிற்கும் மொழிதான். 2001-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வொன்று இத்தாலியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய மூன்று குழுக்களின் டிஸ்லெக்சியா உள்ளவர்களை ஒப்பிட்டது. இத்தாலியர் பிழை குறைவாக வாசித்தார்கள். ஆனால் வாசிக்கும்போது மூளையின் இடப்பக்கத்தில் மந்தமாக இயங்கிய பகுதி மூவருக்கும் ஒன்றே. எழுத்துமுறை ஒழுங்கானதென்றால் பிழை குறையலாம்; வாசிப்பு மெதுவாகவே இருக்கும். எனவே தமிழில் பிழையை மட்டும் எண்ணுகிற ஆசிரியர், சரியாக ஆனால் மிக மெதுவாக, களைத்துப்போய் வாசிக்கும் பிள்ளையைத் தவறவிடுவார்.

மறுபுறம், ‘கிழங்கு’ என்பதை ‘கிளங்கு’ என்று எழுதும் பிள்ளைக்கெல்லாம் டிஸ்லெக்சியா என்று சொல்லிவிடவும் கூடாது. யாழ்ப்பாணப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கிறது. காதில் விழுந்ததைத்தான் பிள்ளை எழுதுகிறது.

கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்பவர்களுக்குச் சுருக்கமான பதில்: பார்வைக் குறைபாட்டுக்குக் கண்ணாடி அவசியம், ஆனால் நிறக் கண்ணாடியோ கண் பயிற்சியோ டிஸ்லெக்சியாவைத் தீர்ப்பதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2009-ல் அறிவித்தது.

“வளர வளரச் சரிவரும்” என்ற ஆறுதல்தான் கூடுதலாகக் கெடுக்கிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1983-ல் தொடங்கி 445 பிள்ளைகளை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்த ஆய்வில், சிறு வகுப்புகளில் வாசிப்பில் பின்தங்கியவர்கள் பதின்ம வயதிலும் மற்றவர்களை எட்டிப்பிடிக்கவில்லை. அந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. பாடசாலைகள் அடையாளம் கண்டவர்களில் பையன்களே அதிகம். ஆய்வாளர்கள் தாமே சோதித்தபோது பெண் பிள்ளைகளும் ஏறக்குறைய அதே அளவில் இருந்தார்கள். குழப்படி செய்யாமல் பின்வாங்கில் அமைதியாக இருப்பவளை யாரும் கவனிப்பதில்லை.

தீவகத்தில் காத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், அங்கிருந்து யாழ்ப்பாணம் நகருக்கு பஸ்ஸில் இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். கடல் கொந்தளித்தால் பயணமே இல்லை. முறையான பரிசோதனைக்கு நிபுணர் வேண்டும்தான். கற்பித்தலை அதுவரை ஒத்திப்போடத் தேவையில்லை. சென்னையில் 1990-களின் தொடக்கம் முதல் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம், டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையில் சாதாரண வகுப்பாசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்து வருகிறது.

முறையில் பெரிய மர்மம் எதுவுமில்லை. ‘மணல்’ என்ற சொல்லைக் கைதட்டி ஒலியொலியாகப் பிரிப்பது. ஒரு நாளைக்கு ஒரு உயிர்க்குறி மட்டும் எடுத்து, கடற்கரை மணலில் விரலால் எழுதியபடியே அதன் ஒலியை உரக்கச் சொல்வது. நேற்றுப் படித்ததை இன்று மறுபடி தொடுவது. ஏடு தொடக்கிய அன்று அரிசித் தட்டில் நடந்ததுதான் இது, ஒரே நாளோடு நின்றுவிடாமல் ஒழுங்காகத் தொடர்வது. அதோடு, எல்லோர் முன்னிலையிலும் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லாமலிருப்பதும், சமூகக்கல்வி விடையை வாயால் சொல்ல விடுவதும் ஆசிரியரால் நாளைக்கே முடியும்.

சொல்வதெழுதுதல் கொப்பியை எறியவும் வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம். எந்தக் குறி எத்தனை தரம் பிழைத்தது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று திகதியோடு ஓரத்தில் குறித்துவைத்தால், படகேறி வைத்தியரிடம் போகும் நாளில் முதலில் நீட்ட வேண்டியது அந்தக் கொப்பிதான். பரீட்சையில் மேலதிக நேரம் கேட்டு அதிபர் விண்ணப்பிக்கும்போதும் அது கையில் இருக்க வேண்டும்.