மீதி நாலாயிரம் மணி நேரம்



இந்த முறை நம் வார வகுப்புக்கான பாடம், பிள்ளைகளின் படிப்பில் வீட்டுக்கு உள்ள பங்கு. "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல, எனக்கு எதுக்கு இந்தப் பாடம்?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இது அம்மா அப்பாவுக்கு மட்டும் உரிய பாடம் இல்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு

நான் பொறியியல் மாணவன். எதையும் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் மனசு ஒப்பும். ஒரு வருஷத்துக்கு 8,760 மணி நேரம். ஆரம்பப் பள்ளிப் பிள்ளை தினமும் ஒன்பது மணி நேரம் தூங்கினால், விழித்திருக்கும் நேரம் சுமார் 5,475. பள்ளி நாள் 190, நாளுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால் பள்ளிக்கூடத்துக்கு 1,140. வாரம் நாலு மணி நேரம் டியூஷன் போனாலும் வருஷத்துக்கு ஏறக்குறைய 200தான். மீதி நாலாயிரம் மணி நேரத்துக்கும் மேல் யாருடையது? வீட்டுடையது.

பிள்ளையின் மார்க் குறைந்தால் நாம் முதலில் கேட்பது "எந்த ஸ்கூல்? எந்த டியூஷன்?" என்றுதான். அந்த நாலாயிரம் மணி நேரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஜமைக்காவில் நடந்தது

"வீடுன்னா வசதி வேணுமே, தனி ரூம், மேசை, வைஃபை..." என்று சொல்பவர்கள் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்துக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1980களின் பிற்பகுதியில், ஏழைக் குடியிருப்புகளில் வளர்ச்சி குன்றியிருந்த 129 குழந்தைகளை ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாரும் 9 முதல் 24 மாதத்துக் குழந்தைகள். சில குழந்தைகளுக்குச் சத்துணவு கொடுத்தார்கள். சில வீடுகளுக்கு வாரம் ஒருமுறை ஒரு சுகாதார ஊழியர் போய் ஒரு மணி நேரம் இருந்தார். சிலருக்கு இரண்டும் கிடைத்தது, சிலருக்கு இரண்டும் இல்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் ஊழியர் பாடம் நடத்தவில்லை. குழந்தையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்க்குக் காட்டிக் கொடுத்தார். பொம்மைகள்கூட வீட்டில் கிடைக்கும் பழைய சாமான்களில் செய்தவை. இரண்டு வருஷம் இப்படி நடந்தது.

சுமார் இருபது வருஷம் கழித்து, அந்தப் பிள்ளைகளுக்கு 22 வயதானபோது மறுபடி தேடிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து விளையாடக் கற்றுக்கொடுத்த குழுவினர் மற்றவர்களைவிட 25 விழுக்காடு அதிகம் சம்பாதித்துக் கொண்டிருந்தார்கள். சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் அப்படிப்பட்ட நீண்டகால வித்தியாசம் தெரியவில்லை. இது 2014-ல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. சாப்பாடு முக்கியமில்லை என்று அர்த்தமில்லை. அந்த வீடுகளின் வறுமை அப்படியேதான் இருந்தது, தாயும் பிள்ளையும் பேசிக்கொண்ட விதம் மட்டும் மாறியது. அதற்கே இவ்வளவு பலன்.

பேச்சு ஒரு சுற்று

ஏன் இப்படி? எங்கள் பாடத்தில் 'பின்னூட்டம்' என்று ஒன்று உண்டு. ஏர்கானில் இருக்கும் சென்சார் அறையின் சூட்டை அளந்து திரும்பத் திரும்பச் சொல்வதால்தான் அது சரியான குளிரில் நிற்கிறது. சென்சாரைக் கழற்றிவிட்டால் மோட்டார் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்.

குழந்தையின் மூளை வளர்வதும் ஏறக்குறைய அப்படித்தான். குழந்தை ஒன்றைக் காட்டுகிறது, நாம் "அது காக்கா, பறந்துடுச்சு பாரு" என்கிறோம். அது மறுபடி ஏதோ சொல்கிறது, நாம் மறுபடி பதில் சொல்கிறோம். இந்தப் போக்குவரத்தில்தான் சொல்லும் கவனமும் யோசனையும் வளர்கின்றன. கைப்பேசியில் ஓடும் பாட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பிள்ளை கை நீட்டிக் காட்டுவதற்கு அது பதில் சொல்லாது. சுற்று அங்கேயே அறுந்துவிடுகிறது.

நம் வள்ளுவர் 'மக்கட்பேறு' அதிகாரத்தில் இதற்கு ஓர் அழகான வரிசை வைத்திருக்கிறார். 66-வது குறளில், குழந்தையின் மழலையைக் கேட்கும் இன்பத்தைக் குழலுக்கும் யாழுக்கும் மேலே வைக்கிறார். அடுத்த 67-வது குறளில்தான், பிள்ளையைச் சபையில் முன்னிடம் பெறச் செய்வது தந்தையின் கடமை என்கிறார். கேட்பது முதலில், முன்னேற்றுவது அடுத்து. நம்மில் பலர் 66-ஐத் தாண்டிக் குதித்து நேரே 67-க்குப் போய்விடுகிறோம்.

"எனக்குப் படிப்பு வராதே தம்பி"

ஜார்ஜ்டவுனில் ஓர் அடுக்குமாடி மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் வகுப்பில் நானும் சொல்லிக் கொடுக்கிறேன். அங்கே மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் வாய்ப்பாட்டை மடமடவென்று ஒப்பிப்பான். அதையே வாக்கியக் கணக்காகக் கொடுத்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவான். அவன் அம்மாவிடம், "அக்கா, வீட்டுல கொஞ்சம் பேசிப் பாருங்க" என்றேன். "எனக்குப் படிப்பு வராதே தம்பி, நான் என்னத்தச் சொல்லித் தர?" என்றார்.

அவர் காலையில் நாசி லெமாக் பொட்டலம் கட்டி விற்பவர். "இன்னைக்கு நாப்பது பொட்டலம், ரெண்டு வெள்ளி, ஆறு மீந்துபோச்சுன்னா எவ்வளவு வரும்?" என்று கேட்டேன். நான் வாயை மூடுவதற்குள் "அறுபத்தெட்டு" என்றார். இதே கேள்வியை மகனிடம் கேளுங்கள், அவன் பதில் சொன்னதும் "எப்படிடா கண்டுபிடிச்ச?" என்று மட்டும் கேளுங்கள் என்றேன். சில வாரங்களில் பையன் ஒன்றும் முதல் மாணவனாகிவிடவில்லை. ஆனால் கேள்வியை இரண்டு தடவை படிக்கிறான், தாளைக் காலியாக விடுவதில்லை. அது எனக்குப் பெரிய விஷயம்.

இங்கிலீஷ் தெரியாத பெற்றோருக்கும் இதையே சொல்லலாம். கனடாவின் மொழியறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே எழுதினார்: தாய்மொழியில் உறுதியாகக் கட்டிய சிந்தனை இரண்டாம் மொழிக்கும் கைகொடுக்கும். ஆகவே தெரியாத மொழியில் திணறுவதைவிட, தெரிந்த தமிழில் நிறையப் பேசுவது மேல். 2009 'பீசா' ஆய்விலும், முதலாம் ஆண்டில் பெற்றோர் சேர்ந்து படித்த பிள்ளைகள் 15 வயதில் வாசிப்பில் முன்னே இருந்தார்கள். ஒரே அளவு வசதியுள்ள குடும்பங்களை ஒப்பிட்டபோதும் வித்தியாசம் மறையவில்லை.

மணி அடிக்காத காலம்

இப்போது இது இன்னும் அவசரம். யூபிஎஸ்ஆர் 2021-ல் ரத்தானது, பிடி3 2022-ல். முன்பெல்லாம் ஆறாம் ஆண்டில் ரிசல்ட் வந்து பெற்றோரை உலுக்கிவிடும். அந்த மணி நின்றுவிட்டது. வகுப்பறை மதிப்பீட்டில் அடைவுநிலை 1 முதல் 6 வரை எண்ணாக வருகிறது. பலர் அதைக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவதோடு சரி. பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்பது எஸ்பிஎம் நெருங்கும்போது தெரிந்து என்ன பயன்? எண் குறைவாக இருந்தால் ஆசிரியரிடம், "எந்தத் திறன்ல தடுமாறுறான்? வீட்டுல நாங்க என்ன செய்யலாம்?" என்று கேட்க வேண்டும்.

நாமும் அந்த வீடுதான்

இனி நம் பங்கு. அப்பா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட், அம்மா காலை வேலை என்றால், மாலையில் தம்பி தங்கைக்கு யார் வீடு? நீங்களும் நானும்தான். அவர்கள் கண்ணில் படுவது நம் கையில் புத்தகமா, கைப்பேசியா? அவர்கள் கேள்வி கேட்டால் "போய் வேலையப் பாரு" என்கிறோமா, ஒரு நிமிஷம் நிற்கிறோமா?

இது நமக்குப் புதிதல்ல. 1982-ல் வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தில் பல்கலைக்கழக மாணவர்களே தம்பி தங்கைகளுக்கு ஆசிரியர்களாக நின்றார்கள். பத்துமலைக்குப் போகும் அதன் கல்வி யாத்திரையில் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே நடந்தார்கள். பெற்றோர், பிள்ளை, இளைஞர் மூவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும் என்பதுதான் அதில் நமக்குள்ள பாடம்.

இந்த வாரம் செய்து பாருங்கள்

1. தினமும் 15 நிமிஷம், கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டு, தம்பி தங்கையோடு ஒரு பக்கம் சேர்ந்து படியுங்கள். சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகம் வாங்கலாம்.
2. தண்ணீர்மலைக்குப் போனால் படிகளைச் சேர்ந்து எண்ணுங்கள். வாசலில் கோலம் போட்டால் புள்ளிக் கணக்கைப் பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள்.
3. "எத்தனை மார்க்?" என்று கேட்பதற்கு முன் "இன்னைக்கு என்ன புரியல?" என்று கேளுங்கள். பதில் வந்ததும் திட்டாதீர்கள். ஒருமுறை திட்டினால் அடுத்த முறை உண்மை வராது.

வகுப்பில் கலந்து பேச

அ. உங்கள் வீட்டில் பிள்ளை கேள்வி கேட்டால் முதலில் வரும் பதில் என்ன?

ஆ. வேலை நேரம் ஒத்துவராத பெற்றோர், வாரத்தில் எந்த அரை மணி நேரத்தைப் பிள்ளைக்கென்று ஒதுக்க முடியும்?

இ. நம் பகுதியில் மாலையில் தனியாக இருக்கும் பிள்ளைகள் யார் யார்? அவர்களில் ஒருவருக்கு நீங்கள் அண்ணனாக, அக்காவாக இருக்க முடியுமா? முடியும் என்றால், எந்த நாளில் தொடங்குவீர்கள்?