கடைத்தெருவில் ஒரு தமிழ் வகுப்பு

பேரக் குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லித் தருவது எப்படி என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். நான் தமிழாசிரியன் அல்லன். ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவன். ஆயினும் ஐந்து வயதுப் பேத்தியுடன் அல்சூர் கடைத்தெருவில் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

பாலும் பூவும் காயும் வாங்கிவர எனக்கு இருபது நிமிடம் போதும். அவள் உடன் வந்தால் ஒரு மணி நேரம். பால் கடைக்காரரிடம் “ஊட்ட ஆய்த்தா?” என்று சாப்பாட்டை விசாரிப்பாள். பூக்கார அம்மாவின் கூடையருகே உட்கார்ந்துவிடுவாள். காய்கறிக்காரர் “பா புட்டி” என்று அழைத்து ஒரு கேரட்டை நீட்டுவார். பை சுமக்கும் எனக்கு அங்கே பெயர், ‘புட்டியோட தாத்தா’.

“பேசினது போதும், வா” என்று இழுத்துக்கொண்டு வருவதே என் வழக்கம். ஒரு நாள் அவள் கேட்டாள்: “தாத்தா, கடையில மட்டும் ஏன் எங்கிட்ட மெதுவாப் பேசறீங்க?”

பதில் எனக்குத் தெரியும். 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையையொட்டி இந்நகரில் கலவரம் மூண்டது. தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன, உயிர்களும் போயின. அப்போது என் மகனுக்கு இவள் வயது. “வெளியே தமிழ் பேசாதே” என்று அவனுக்குச் சொன்னேன். அந்த நாட்களில் எங்களுக்குப் பால் வாங்கித் தந்தது பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பம்தான். கலவரம் அடங்கியது. மகனிடம் சொன்ன சொல்லை மட்டும் நான் திரும்பப் பெறவில்லை. இன்று அவனுக்குத் தமிழ் எழுதப் படிக்க வராது. என் குரலும் அன்று தாழ்ந்தது, நிமிரவேயில்லை.

அந்தத் தவறை இவளிடம் செய்யக் கூடாது என்று முடிவு செய்தேன். அதன்பின் அவள் பேச்சையே பாடமாக்கிக் கொண்டோம்.

முதல் விதி: ‘ஹ’ வந்தால் ‘ப’ போடு

பால் – ஹாலு, பூ – ஹூவு, பத்து – ஹத்து, பணம் – ஹண, பாகற்காய் – ஹாகலகாயி, பீர்க்கங்காய் – ஹீரேகாயி. பழங்கன்னடத்திலும் இச்சொற்கள் ‘ப’ என்றே தொடங்கின. ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டு முதல் அந்த ஒலி சிறிது சிறிதாக ‘ஹ’ ஆயிற்று. ஹலசு என்றால் பலா. பலாத் தோப்பு இருந்ததால்தான் நம் ஹலசூருக்கு அப்பெயர் என்பர்.

விதியைப் பிடித்துக்கொண்ட பேத்தி, “அப்ப ஹோட்டல்னா போட்டலா தாத்தா?” என்றாள். பூக்கார அம்மா சிரித்து ஒரு முழம் கூடவே அளந்தார். வெளியிலிருந்து வந்த சொல்லுக்கு இவ்விதி செல்லாது என்று அன்றே விளக்கினேன்.

இரண்டாம் விதி: ‘வ’ இருந்தால் ‘ப’ ஆகும்

வா – பா, வாழை – பாளெ, வெல்லம் – பெல்ல, வெண்ணெய் – பெண்ணெ, வெண்டைக்காய் – பெண்டேகாயி. இந்தப் ‘ப’வை ‘பஸ்’ என்பதில் வருவது போல ஒலிக்க வேண்டும்.

பெற்றோர் கவனத்திற்கு

1. புறப்படும் முன் மூன்று பொருள்களைத் தமிழில் சொல்லி அனுப்புங்கள். கடையில் குழந்தையே கன்னடத்தில் கேட்கட்டும். வீடு திரும்பியதும் பாட்டியிடம் தமிழில் கணக்கு ஒப்பிக்கட்டும்.

2. பிழையைக் கடைக்காரர் முன் திருத்தாதீர்கள். வழியில் திருத்தலாம்.

3. யாரிடமும் பேசலாம், ஆனால் கையை விடக் கூடாது. கொடுப்பதைக் கேட்காமல் வாங்கக் கூடாது. யார் கூப்பிட்டாலும் தனியே போகக் கூடாது. கலகலப்பான குழந்தைக்கு இம்மூன்றும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

4. நேரம் ஒதுக்கிச் செல்லுங்கள். அவசர வேலைக்குத் தனியே போய் வாருங்கள்.

5. தெருவிலும் குழந்தையிடம் வீட்டுக் குரலிலேயே தமிழ் பேசுங்கள். மற்றவரிடம் அவர் மொழியில் பேசுங்கள்.

திரும்பும்போது சில நாள் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலைப் பக்கம் போவோம். 1991இல் திறக்க முடியாமல் மூடி வைக்கப்பட்ட சிலை அது. 18 ஆண்டுகளுக்குப் பின் 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. அதே மாதம் 13ஆம் தேதி சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. “இத்தனை வருஷம் மூடியிருந்தா இவருக்குப் புழுங்கியிருக்குமே!” என்றாள் பேத்தி. “ஆமாம்மா, ரொம்பப் புழுக்கம்தான்” என்றேன். அதை உரக்கவே சொன்னேன்.

பயிற்சி (குழந்தைகளுக்கு)

இக்கன்னடச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் கண்டுபிடியுங்கள்: 1. ஹுலி 2. ஹல்லு 3. ஹாவு 4. ஹெசரு 5. பெள்ளி 6. பேவு

விடை: 1. புலி 2. பல் 3. பாம்பு 4. பெயர் 5. வெள்ளி 6. வேம்பு